குடிவரவு நீதிமன்றத்தில் சம்பளமில்லாத கோடை இன்டர்ன்ஷிப்: போகலாமா?

புங்கமரம்:

வணக்கம். நியூஜெர்சியில் லா ஸ்கூல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். இந்தக் கோடைக்கு இரண்டு இடங்களில் இருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, குடிவரவு நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்கு உதவும் வாலண்டியர் இன்டர்ன்ஷிப். பின்னணிச் சோதனை முடிந்தால்தான் உறுதி. இன்னொன்று, தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்காக இலவசமாக வாதாடும் ஒரு சட்ட உதவி அமைப்பு. இரண்டிலும் சம்பளம் இல்லை. கல்லூரியின் பொதுநல உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், கிடைத்தால் இரண்டில் எதற்கும் பயன்படுத்தலாம்.

என் பெற்றோர் தொண்ணூறுகளில் வவுனியாவில் இருந்து வந்து இங்கே தஞ்சம் பெற்றவர்கள். நான் பிறந்தது இங்கேதான். வீட்டில் மூத்த மகள். நீதிமன்றம் என்றதும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஆக்களைத் திருப்பி அனுப்புற இடத்தில உனக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை.

பின்னாளில் தஞ்ச வழக்குகள்தான் எடுக்கப் போகிறேன், அதில் மாற்றமில்லை. அதற்கு எது நல்ல அடித்தளம்? அப்புறம், என் வகுப்புத் தோழி சென்னையில் இருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்து படிக்கிறாள். அவளும் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்கச் சொன்னாள்.

வழக்கேடு:

தங்கச்சி, நான் மாணவனாக இருந்தபோது ஒரு குடிவரவு நீதிமன்றத்தில் இதே இன்டர்ன்ஷிப் செய்தவன். இப்போது தஞ்ச வழக்குகள்தான் என் தொழில். என் பதில்: போ. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உன்னிடம் முதலில் தருவது ஒரு தடித்த ஃபைலாக இருக்கும். ஐ-589 என்ற தஞ்ச விண்ணப்பம், வாக்குமூலம், ஊரில் கொடுத்த போலீஸ் புகாரின் நகல், மருத்துவச் சான்று, உறவினர்களின் கடிதங்கள், அமெரிக்க வெளியுறவுத் துறையின் மனித உரிமை அறிக்கை, நூற்றுக்கணக்கில் பத்திரிகைச் செய்திகள். எல்லாவற்றையும் படித்து, விசாரணைக்கு முன் நீதிபதிக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். விசாரணை முடிந்த பிறகு தீர்ப்பு நிலுவையில் இருந்தால், ஒலிப்பதிவைக் கேட்டுச் சாட்சியம் என்ன சொல்கிறது என்பதை எழுதி, சட்டப் பகுதிக்கு வரைவு தயாரிக்க வேண்டும். நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரலின் ஹானர்ஸ் திட்டம் (புதிய சட்டப் பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கும் திட்டம்) வழியாக வந்த ஜுடிஷியல் லா கிளார்க், அதாவது நீதிபதிக்கு உதவும் சட்டப் பட்டதாரி ஒருவர், உன் வரைவைத் திருத்துவார். பிறகு நீதிபதி பார்ப்பார்.

அந்த வரைவில் ஒவ்வொரு கேள்விக்கும் வரிசையாகப் பதில் சொல்லியாக வேண்டும். நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தாரா? இல்லையென்றால் விலக்குக்கு இடம் உண்டா? அவர் பட்டது வெறும் தொல்லையா, துன்புறுத்தலா? இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்ற ஐந்தில் ஒன்றின் காரணமாக நடந்ததா? திரும்பிப் போனால் ஆபத்து என்ற பயத்துக்கு அடிப்படை இருக்கிறதா? பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே அந்தப் பயம் நியாயமானதாக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1987இல் கார்டோசா ஃபொன்சேகா வழக்கில் சொன்னது. வகுப்பில் இதைப் படித்திருப்பாய். ஆனால் ஒரு மனிதரின் ஃபைலை மேசையில் வைத்துக்கொண்டு இதே கேள்விகளைக் கேட்பது முற்றிலும் வேறு அனுபவம்.

இங்கே நான் கற்றதில் பெரியது, ஒரு வழக்கு எங்கே சரிகிறது என்பது. 2005இல் வந்த ரியல் ஐடி சட்டத்துக்குப் பிறகு, கதையின் மையத்தைத் தொடாத சிறு முரண்பாட்டை வைத்தும் நீதிபதி ஒருவரை நம்ப மறுக்கலாம். விமான நிலைய அதிகாரியிடம் சொன்ன மாதம் ஒன்று, விண்ணப்பத்தில் இருக்கும் மாதம் வேறு, சாட்சிக் கூண்டில் சொல்வது இன்னொன்று. முன்கூட்டியே யாராவது உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து விளக்கம் எழுதி வைத்திருந்தால் அது பிரச்சினையே இல்லை. யாரும் பார்க்காமல் விட்டால் அங்கேயே வழக்கு முடிந்தது. இன்னொன்றும் பார்த்தேன். நானூறு பக்கம் செய்தித்தாள் நகல் போட்ட வழக்கறிஞர், கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்த தம்பியிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கியிருக்க மாட்டார். நீதிபதி தேடுவது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

பெரும்பாலான தீர்ப்புகளை நீதிபதி விசாரணை முடிந்த கையோடு வாய்மொழியாகவே சொல்லிவிடுவார். சிக்கலான வழக்குகள்தான் எழுத்துத் தீர்ப்புக்கு வரும், அவைதான் உன் மேசைக்கும் வரும். ஒரு கோடையில் அவ்வளவு கடினமான வழக்குகளைப் படிக்கும் வாய்ப்பு வேறெங்கும் முதலாம் ஆண்டு மாணவருக்குக் கிடைக்காது.

தெற்குவாசல்:

வழக்கேடு சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில், நீ போகப் போவது நாம் நினைக்கிற பொருளில் நீதிமன்றம் அல்ல. குடிவரவு நீதிமன்றங்களை நடத்தும் அலுவலகம் 1983இல் நீதித் துறைக்குள் தொடங்கப்பட்டது, தலைமையகம் வர்ஜீனியாவில் இருக்கிறது. அந்த நீதிபதிகள் அட்டர்னி ஜெனரலின் கீழ் வேலை பார்க்கும் அரசு ஊழியர்கள். மேல்முறையீட்டு வாரியமும் அதே கூரையின் கீழ்தான். வாரியம் தீர்த்த வழக்கை அட்டர்னி ஜெனரலே தன்னிடம் வரவழைத்து மாற்றி எழுதலாம். 2018இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த செஷன்ஸ் அப்படித்தான் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களின் தஞ்சக் கோரிக்கைகளை நெருக்கினார். 2021இல் அதே பதவியில் இருந்த கார்லண்ட் அந்தத் தீர்ப்பை நீக்கினார். ஆட்சி மாறினால் சட்டம் மாறுகிறது, இடையில் மாட்டிக்கொள்பவர் விண்ணப்பதாரர். அதே 2018இல் நீதிபதி ஒருவர் ஆண்டுக்கு 700 வழக்கு முடிக்க வேண்டும் என்று கணக்கும் வைத்தார்கள். 2021இல் அதைக் கைவிட்டார்கள்.

2025இல் நடந்ததை எல்லோரும் அறிவோம். பல நீதிபதிகள் வேலையில் இருந்து நீக்கப்பட்டார்கள். மே மாதம் முதல் விசாரணைக்கு ஒழுங்காக வந்தவர்களை நீதிமன்றத் தாழ்வாரத்திலேயே ஐ.சி.இ. என்ற குடிவரவு அமலாக்க அமைப்பின் அதிகாரிகள் கைது செய்யத் தொடங்கினார்கள். ஹானர்ஸ் திட்டத்தில் வேலை உறுதியான மாணவர்களுக்கும் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அழைப்பைத் திரும்பப் பெற்றார்கள். பின்னணிச் சோதனைக்குக் காத்திருக்கும் உன் அழைப்பை முழுதாக நம்பிக்கொண்டு இன்னொன்றை விட்டுவிடாதே.

இரண்டாவது, சம்பளம். அரசுக்கு யாரும் இலவசமாக உழைக்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பொது விதி. மாணவர்களுக்கு மட்டும் தனியாக விலக்குக் கொடுத்து இந்த ஏற்பாட்டை நடத்துகிறார்கள். சம்பளத்துக்குப் பதிலாக கிரெடிட் (பட்டப் படிப்பின் கணக்கில் சேரும் அலகு) எடுத்துக்கொள் என்பார்கள். ஒரு கிரெடிட்டுக்கு 42.5 மணி நேர உழைப்பு என்பது லா ஸ்கூல்களுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்கன் பார் அசோசியேஷனின் கணக்கு. மூன்று கிரெடிட் என்றால் 127 மணி நேரத்துக்கு மேல். கோடையில் அந்த மூன்று கிரெடிட்டுக்கும் கல்லூரிக் கட்டணம் நாம்தான் கட்டுகிறோம். அதாவது காசு கொடுத்து வேலை செய்கிறோம். சம்பளம் வாங்கினால் கிரெடிட் தரக் கூடாது என்ற தடையை 2016இலேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் அரசு இன்னும் இலவச உழைப்பையே கேட்கிறது. வீட்டு வாடகைக்கு அப்பா அம்மா உதவ முடிந்தவர்கள்தான் இதைச் செய்ய முடிகிறது. நாளைக்கு நீதிபதியாக வரப்போகிறவர்களும் அவர்களிடையே இருந்துதான் வருவார்கள்.

மூன்றாவது, காவலில் இருக்கும் ஆளுக்கு வழக்கறிஞர் இல்லை. குடிவரவு வழக்கில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் அரசு செலவில் இல்லை என்று சட்டமே சொல்கிறது. 2007 முதல் 2012 வரையிலான பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரையைப் படி. மொத்தத்தில் 37 சதவீதம் பேருக்குத்தான் வழக்கறிஞர் இருந்தார். காவலில் இருந்தவர்களில் 14 சதவீதம். காவலில் மனநலம் குன்றியவர்கள்கூடத் தனியாக நின்று அரசு வழக்கறிஞருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கலிபோர்னியா, அரிசோனா, வாஷிங்டன் மாநிலங்களில் அதை 2013இல் மாற்றியது ஃப்ராங்கோ வழக்கு. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் அகிலன் அருளானந்தம், ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகன். அவர் மனுதாரர் பக்கம் நின்று செய்த வேலை அது. நீயும் அங்கே போ.

கடற்காற்று:

நான் வழக்கறிஞர் இல்லை. நீதிமன்றங்களிலும் தடுப்பு முகாம்களிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். பிள்ளை, உன் அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன துரைசிங்கம் வழக்கை நீ படித்திருப்பாய். இலங்கைத் தமிழர். 2017இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி ஏறத்தாழ 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். ஊரில் ஒரு கும்பல் தன்னைக் கடத்தி அடித்ததாகச் சொன்னார். அதிகாரி அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. யார் அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை, எனவே ஐந்து காரணங்களில் எதிலும் இது சேரவில்லை என்று எழுதினார். குடிவரவு நீதிபதியும் அதையே உறுதி செய்தார். அதற்கு மேல் பெடரல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று முடித்துவிட்டது.

ஊரில் வெள்ளை வானில் ஆட்களைக் கடத்திய காலத்தை அறிந்த எவருக்கும் ஒன்று தெரியும். கடத்துகிறவன் தன் பெயரையும் காரணத்தையும் சொல்லிவிட்டுக் கடத்த மாட்டான். தமிழ் வேட்பாளருக்காகத் தேர்தல் வேலை செய்த ஒருவர் கடத்தப்பட்டால் அதன் பொருள் என்ன என்று யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அறையில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்க முடியாது. சொன்னதை மட்டும் சொல்வதுதான் எங்கள் வேலை, அது சரியும்கூட. ஆனால் நீதிபதிக்குப் பின்னால் இருக்கும் அறையில் நாட்டு நிலவரக் குறிப்பு எழுதுகிற பிள்ளைக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தால், அதனால் ஒரு வழக்கு வேறு திசையில் போகலாம்.

2014இல் பதினோராவது சர்க்கியூட் என்ற பெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இன்னொரு தமிழர் வழக்கு. தஞ்சம் மறுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்படும் தமிழர்களை விமான நிலையத்தில் பிடித்துச் சித்திரவதை செய்கிறார்கள் என்பதற்கு அவர் அறிக்கைகள் கொடுத்திருந்தார். வெளியுறவுத் துறை அறிக்கையில் அப்படி எதுவும் இல்லையே என்று மேல்முறையீட்டு வாரியம் தள்ளிவிட்டது. அறிக்கை பேசாமல் இருப்பது மட்டும் மறுப்பு ஆகாது என்று சர்க்கியூட் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. வரைவு எழுதுகிறவர் முதல் கட்டத்திலேயே இதைக் கவனித்திருந்தால் அந்த மனிதர் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றுக்கு மட்டும் உன் மனதைத் தயார் செய்துகொள். புலிகள் இயக்கத்தை அமெரிக்கா 1997 அக்டோபரில் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு எந்த உதவி செய்திருந்தாலும் தஞ்சம் இல்லை. வன்னியில் இருந்தவர்களில் வரி கட்டாதவர், பங்கர் வெட்டப் போகாதவர், சோற்றுப் பொதி கொடுக்காதவர் யார்? வற்புறுத்தலின் பேரில் கொடுத்தேன் என்பது விலக்கு ஆகாது என்று ஒன்பதாவது சர்க்கியூட் 2013இல் ஒரு தமிழர் வழக்கிலேயே சொன்னது. 2018இல் மேல்முறையீட்டு வாரியம் இன்னும் ஒரு படி போய், எல் சால்வடோரில் கெரில்லாக்கள் கடத்திக்கொண்டு போய்ச் சமைக்கவும் துணி துவைக்கவும் வைத்த பெண்ணுக்கும் இதையே பொருத்தியது. விலக்குக் கொடுக்கும் அதிகாரம் குடிவரவு நீதிபதியிடம் இல்லை, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் இருக்கிறது. ஒருவர் சொல்வதை முழுவதும் நம்பி, இரக்கப்பட்டு, பிறகு மறுப்பு எழுதும் நீதிபதியை நான் பார்த்திருக்கிறேன். அந்த மறுப்பின் வரைவு உன் கையாலும் எழுதப்படலாம். அதை உன்னால் தாங்க முடியுமா என்று நீதான் யோசிக்க வேண்டும்.

கல்லூரிப்படி:

லா ஸ்கூல் கேரியர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தோழியின் கேள்விக்கு: நீதிமன்ற இன்டர்ன்ஷிப்புக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். எனவே எஃப்-1 மாணவர்களுக்கு வழி இல்லை. குடிமக்களுக்கும், கடந்த ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டாவது இங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீதித் துறையில் உண்டு. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

தோழி மனம் தளர வேண்டாம். வழக்கறிஞர் ஒருவரின் மேற்பார்வையில் சட்ட மாணவர் குடிவரவு நீதிமன்றத்தில் ஒருவருக்காக ஆஜராகவே விதி அனுமதிக்கிறது, மனுதாரரிடம் காசு வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த விதி குடியுரிமை கேட்கவில்லை. மாணவர்கள் உண்மையான வழக்குகளை எடுத்து நடத்தும் கல்லூரி கிளினிக்கில் சேர்ந்தால் அவர் நீதிபதி முன் எழுந்து நின்று பேசலாம். வெளி அமைப்பில் சேர்வதானால், சம்பளம் இல்லாத வேலையே என்றாலும், தொடங்கும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும். விசா விஷயத்தில் வாய்வார்த்தையை நம்பக் கூடாது.

புங்கமரத்துக்கு: கைரேகை, படிவங்கள், போதைப்பொருள் சோதனை எல்லாம் வாரக்கணக்கில் இழுக்கும். படிவம் வந்த அன்றே நிரப்பி அனுப்பு. இதுவரை குடியிருந்த முகவரிகளையும் தேதிகளையும் இப்போதே எழுதி வை.

புங்கமரம்:

எல்லோருக்கும் நன்றி. கடற்காற்று அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வான் கதை பற்றி நிறையப் பேசினார்.

இரண்டு கேள்விகள். இலங்கைத் தமிழர் வழக்கு ஒன்று என் மேசைக்கு வந்தால் நான் அதில் வேலை செய்யலாமா? இந்த ஆண்டு நீதிமன்றத்தில் இருந்துவிட்டு அடுத்த ஆண்டு கிளினிக்கில் மனுதாரர் பக்கம் நின்றால் ஏதாவது தடை வருமா?

வழக்கேடு:

முதல் கேள்வி: தமிழர் என்பதால் மட்டும் தடை இல்லை. ஆனால் மனுதாரரோ, அவர் குடும்பமோ, சாட்சியோ, வழக்கறிஞரோ உனக்குத் தெரிந்தவர் என்றால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லி விலகிக்கொள். நியூஜெர்சியில் நம் ஆட்கள் எவ்வளவு நெருக்கம் என்று உனக்கே தெரியும். கோயிலில் பார்த்த முகமாக இருந்தாலும் சொல்லிவிடு. தஞ்ச விண்ணப்பத்தில் இருப்பது எதுவும் வெளியே போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. அம்மாவிடமும் பேசக் கூடாது. இது ஊரில் இருக்கும் ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்டது.

இரண்டாவது: ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிற்க முடியாது. முடிந்த பிறகு மறுபக்கம் போகலாம், நீ தொட்ட வழக்கை மட்டும் வாழ்நாளுக்கும் தொடக் கூடாது. எந்தெந்த ஃபைல் பார்த்தாய் என்பதை அங்கே உள்ளவர்களிடமே கேட்டு, கிளம்பும் முன் முறையாகப் பதிவு செய்துகொள்.

தெற்குவாசல் அண்ணா எழுதியதற்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த அமைப்பு சுதந்திரமானது அல்ல என்பதை நான் மறுக்கவில்லை. நல்ல நீதிபதிகள் பலரே இதை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனி நீதிமன்றமாக மாற்ற வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகிறார்கள். ஆனால் 2024 முடிவில் 35 லட்சத்துக்கும் மேல் வழக்குகள் நிலுவை, நீதிபதிகள் ஏறத்தாழ 700 பேர். ஒரு நீதிபதிக்கு ஆயிரக்கணக்கில் ஃபைல். அந்த நெருக்கடியில் ஒரு மாணவி முழு ஃபைலையும் கடைசிப் பக்கம் வரை படிக்கிறாள் என்றால், அந்த மனுதாரருக்கு அது பெரிய விஷயம். நீதிமன்றம் சரியில்லை என்று கவலைப்படுகிறவர்கள் எல்லோரும் வெளியே நின்றால், உள்ளே யார் படிப்பார்கள்?

தெற்குவாசல்:

அந்தக் கடைசிக் கேள்வி நியாயம். ஆனாலும் உள்ளே இருப்பவரின் உழைப்புக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லிக் கேட்பதை நான் நிறுத்தப் போவதில்லை.

தங்கச்சி, முடிவு எடுக்கும் முன் ஒரு நாள் நீதிமன்றத்தில் போய் உட்கார். நெவார்க்கிலோ, மன்ஹாட்டனில் 26 ஃபெடரல் பிளாசாவிலோ. விசாரணைகள் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்தவைதான், தஞ்ச விசாரணையை மனுதாரர் மூடச் சொல்லிக் கேட்டால் மட்டும் வெளியே வர வேண்டும். அடையாள அட்டை எடுத்துப் போ, போனை அணைத்து வை. மாஸ்டர் காலண்டர் எனப்படும் சுருக்கமான முதற்கட்ட விசாரணை நடக்கும் காலை நேரத்தில் போனால் நிறையப் பேரை வரிசையாகப் பார்க்கலாம். வழக்கறிஞரோடு வருபவருக்கும் தனியாக வருபவருக்கும் உள்ள வித்தியாசத்தை நீயே பார்.

புங்கமரம்:

போய் வந்தேன். ஒருவருக்குப் பின் ஒருவராகச் சில நிமிடங்களில் முடிந்துகொண்டே இருந்தது. முகவரி சரியா, என்ன மொழி, வழக்கறிஞர் தேட அவகாசம் வேண்டுமா, அடுத்த தேதி. கைக்குழந்தையோடு தனியாக வந்த ஒரு பெண்ணிடம் நீதிபதி பொறுமையாக ஓராண்டுக் கெடு பற்றி விளக்கினார், விண்ணப்பப் படிவத்தைக் கையில் கொடுத்தார். அவர் நல்லவர் என்பது தெரிந்தது. அந்தப் பெண் அந்தப் படிவத்தைத் தனியாக நிரப்ப முடியாது என்பதும் தெரிந்தது. தஞ்ச விண்ணப்பத்துக்கு 2025 ஜூலையில் வந்த சட்டம் 100 டாலர் கட்டணம் வேறு வைத்திருக்கிறது, அதையும் அவர் கட்ட வேண்டும்.

கோடையில் நீதிமன்றம், அடுத்த ஆண்டு கல்லூரியின் கிளினிக் என்று முடிவு செய்திருக்கிறேன். கிளினிக் பேராசிரியரிடம் பேசிவிட்டேன், இடம் உண்டு என்றார். உதவித்தொகை வந்துவிட்டது, அது இல்லாவிட்டால் இரண்டுக்குமே போயிருக்க முடியாது. பின்னணிச் சோதனை மே மாத நடுவுக்குள் முடியாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இப்போதைய கவலை. சட்ட உதவி அமைப்பிடம் என்ன சொல்வது?

வழக்கேடு:

உள்ளதை உள்ளபடி இன்றைக்கே எழுது. நீதிமன்றத்தின் அழைப்பை ஏற்றிருக்கிறேன், பாதுகாப்புச் சோதனை நிலுவையில் இருக்கிறது, உங்கள் இடத்தை வேறு மாணவருக்குக் கொடுத்துவிடுங்கள், ஒருவேளை கோடையில் கூடுதல் கை தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள் என்று. அந்த அமைப்புகளில் ஆள் எப்போதும் பற்றாக்குறை, ஜூனில் போய்க் கதவைத் தட்டினாலும் வேலை இருக்கும். நீ தாமதமாகச் சொன்னால் அந்த இடம் காலியாகப் போய்விடும், காவலில் இருக்கும் ஒருவருக்குத்தான் நஷ்டம்.

உன் தோழி அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடு.